குதிரைக்கு வழி அருளிய சபை

உத்தமபாளையத்தில் அந்தக் காலத்தில் ஒரு சபை இருந்தது. வயதானவர்களின் புத்தி மழுங்கிப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. பெயர் ‘உத்தமபாளையம் தாலுகா வயோதிகர் புத்திக்கூர்மை அபிவிருத்திச் சபை’. இதை ஒரே மூச்சில் தடுக்காமல் சொல்லிவிட்டால் பாதிக் கூர்மை வந்துவிட்டதாக அர்த்தம் என்பார் செயலாளர் கர்ணன். மீதிப் பாதி யாருக்காவது வந்ததா என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்பதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

சபையில் இருந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. தாலுகா ஆபீஸ், கோர்ட்டு, சர்வே, உப்பு இலாகா என்று சர்க்காரின் சகல மூலைகளிலும் உட்கார்ந்து நாற்காலியைத் தேய்த்துப் பென்ஷன் வாங்கியவர்கள். தலைவர் ராவ் சாகிப் வைகுண்டராஜ், டிப்டி கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, சரிகைத் தலைப்பாகை, பழுத்த முகம். எதைக் கேட்டாலும் “நல்லது, நல்லது” என்பார். இவ்வளவு சுருக்கமாகப் பேசுகிற அதிகாரியைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று சபையார் உருகிப் போவார்கள். கர்ணன் அவருக்குக் கீழே தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். தலைவர் தும்மினாலும் தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளும் மனிதர்.

இந்தச் சபையில் போய் மாட்டிக்கொண்டவர் சின்னமனூர் நல்லகண்ணு.

நல்லகண்ணுவுக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அகத்தி நிழலில் கொடி கட்டியும் இலை கிள்ளியும் அறுபதைத் தாண்டியவர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு பயம். அவருடைய அண்ணன் கருத்தக்கண்ணன் கடைசிக் காலத்தில் பச்சைப் பிள்ளையாகிப் போனார். வேட்டி கட்ட மறந்துவிட்டது. சாப்பிட்ட கை காயும் முன்னே, யாரும் சோறு போடவில்லை என்று அழுவார். அவருக்கு ஊட்டிவிட்டது நல்லகண்ணுதான். ஊட்டும்போதெல்லாம், நமக்கும் இதுதானா என்று நினைத்துக்கொள்வார். பிறகு ஒருநாள் காலையில் கொடி கட்டிக்கொண்டிருந்தவருக்குத் தன் ஒரே மகளின் பெயர் மறந்து போயிற்று. ராஜாத்தி என்ற பெயர் நினைவுக்கு வருவதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அன்றைக்கு அவர் கஞ்சி குடிக்கவில்லை.

மனைவி சண்முகத்தாயிடம் மட்டும் சொன்னார். அவளுக்கும் பயம் வந்துவிட்டது. காரணம் இருந்தது. பழனிசெட்டிபட்டியில் தானியக்கடை வைத்திருந்த மருமகன், “கொடிக்காலை எங்கிட்ட விட்டுட்டு ரெண்டு பேரும் இங்கன வந்து இருங்க மாமா, வயசான காலத்துல எதுக்கு மல்லுக்கட்டுறீக” என்று வருகிறபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அங்கன போனா தண்ணி குடிக்கக்கூடக் கேட்டுத்தான் குடிக்கணும்,” என்றாள் சண்முகத்தாய். “நீங்க தெளிவா இருக்கிற வரைக்கும் அவன் பேச்சு எடுபடாது. நீங்க தடுமாறிட்டா நான் ஒத்தையில என்ன செய்வேன்?”

அந்த வாரச் சந்தையில்தான் தண்டோரா போட்டார்கள். அறுபது வயது ஆனவர்களுக்கு உத்தமபாளையத்தில் கஷ்டமான படிப்பு சொல்லித் தருகிறார்கள், சனிக்கிழமைதோறும், கஷ்டமாகப் படிக்கப் படிக்க மூளை துருப்பிடிக்காது. நல்லகண்ணுவுக்குச் சாமியே வந்து கூப்பிட்ட மாதிரி இருந்தது. சனிக்கிழமை வெளுத்த வேட்டி கட்டி, பஸ் ஏறி, சபையின் வாசலில் போய் நின்றார்.

“பிறந்த தேதி?” என்றார் கர்ணன்.

“அது தெரியாதுங்க. பெரியாத்துத் தண்ணி மொதமொத நம்ம பக்கம் வந்த வருசம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் கோலத்தோடயே ஓடிப்போயித் தண்ணியப் பாத்தேன்.”

“தண்ணீர் வந்த தேதி சர்க்காரிடம் இருக்கிறது. நீர் வந்த தேதி இல்லையே.”

“தலை பூரா நரைச்சிருக்கே, பாருங்க.”

“நரை சாட்சியாகாது. நரை இருபது வயதிலும் வரும்.” கர்ணன் பேனாவை மையில் தோய்த்தார். “உம்மைத் தற்காலிக வயோதிகர் என்று சேர்த்துக்கொள்கிறேன்.”

“நெசமான வயோதிகர் ஆகுறதுக்கு என்ன செய்யணும்ங்க?”

“காத்திருக்க வேண்டும்,” என்றார் கர்ணன்.

உள்ளே உட்காருவதற்கும் ஒரு முறை இருந்தது. உத்தியோகத்தில் கடைசியாக யார் எந்தப் பதவியில் இருந்தாரோ அதற்கேற்ற இடம். கை வைத்த நாற்காலி, கை வைக்காத நாற்காலி, பெஞ்சு, முக்காலி. நல்லகண்ணுவுக்கு ஒரு பாய். கூட்டம் ஆரம்பித்தது. சக்கரவர்த்தி நீடூழி வாழ ஒரு பிரார்த்தனை. தலைவருக்கு ஒரு வரவேற்பு. போன கூட்டத்தில் நடந்ததை வாசித்து, அதில் ஒரு கமா இருக்க வேண்டுமா வேண்டாமா என்று ஒரு விவாதம். வரவேற்றவருக்கு நன்றி. நன்றி சொன்னவருக்கு நன்றி. தலைவர் “நல்லது” என்றார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

“படிப்பு எப்பங்க?” என்று கேட்டார் நல்லகண்ணு.

“நேரம் முடிந்துவிட்டது,” என்றார் கர்ணன். “அடுத்த வாரம் வாரும்.”

அடுத்த வாரமும் இதே கூத்து. அதற்கடுத்த வாரமும் இதே. இத்தனைக்கும் படிப்பு சொல்லித்தரச் சம்பளத்துக்கு ஒரு வாத்தியார் இருந்தார். ஆரோக்கியசெல்வம் என்று பெயர். கம்பத்துக்குப் பக்கத்து மிஷன் கிராமத்துக்காரர். பாதிரியார் ஒருவரிடம் சதுரங்கம் கற்றவர். ராவ் சாகிப் ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவரோடு சதுரங்கம் ஆடியிருந்தாராம். ஆகவே உலகத்திலேயே கடினமான படிப்பு சதுரங்கம்தான் என்று சபை தீர்மானம் போட்டு, ஆரோக்கியசெல்வத்தை நியமித்து, பிறகு அவரை மறந்துவிட்டது. அவர் காய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பெஞ்சில் கொட்டாவி விடுவார்.

நல்லகண்ணு பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கமா விவாதத்தின் நடுவில் மெல்ல நகர்ந்து போய் வாத்தியாரின் தோளைத் தொட்டார்.

“வெளிய புளியமரத்தடியில வச்சுச் சொல்லித் தர்றீகளா?”

வாத்தியாருக்கே ஆச்சரியம். சபையில் படிப்பு வேண்டும் என்று கேட்டு ஓர் ஆள் வருவதை அவர் அன்றுதான் பார்த்தார்.

நல்லகண்ணுவுக்கு மண்டை காய்ந்துவிட்டது. யானை நேரே போகும், சிப்பாய் முன்னால் மட்டும் போகும் என்பது வரை சரி. குதிரைதான் படுத்தியது. நேரே இரண்டு கட்டம் தாவி, பக்கவாட்டில் ஒரு கட்டம் திரும்பி உட்காருமாம். எந்த ஊரில் குதிரை இப்படி நடக்கிறது? ஆனாலும் விடவில்லை. கொடிக்காலில் ஈரமண்ணில் கட்டம் கிழித்து, பாக்கும் புளியங்கொட்டையும் வைத்து ஆடிப் பார்த்தார். சண்முகத்தாயை எதிரே உட்கார வைத்தார். “எனக்கு எதுக்கு இந்தக் கருமம்” என்று உட்கார்ந்தவள், ஒருநாள் அவருடைய மந்திரியைத் தூக்கிவிட்டு வாய்க்குள் சிரித்துக்கொண்டாள். நல்லகண்ணுவுக்குக் கோபம் வந்தது. அதைவிடச் சந்தோஷம் வந்தது. தலைக்குள் ஏதோ சுறுசுறுவென்று ஓடுகிற மாதிரி இருந்தது. மகள் பெயர், பேத்தி பெயர், செத்துப்போன மாட்டின் பெயர்கூடக் கேட்டவுடன் வந்து நின்றது. நான் பிழைச்சுக்கிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆண்டு விழா நெருங்கியது. மதுரையிலிருந்து கலெக்டர் துரை வரப்போகிறார் என்றதும், சபையில் எவராவது எதையாவது கற்றிருக்கிறார்களா என்று கர்ணனுக்கு முதல் தடவையாகக் கவலை வந்தது. விசாரித்ததில் நல்லகண்ணு அகப்பட்டார். விழாவுக்கு முன்னோட்டமாக ஒரு கூட்டத்தில் தலைவரோடு ஓர் ஆட்டம் ஆடச் சொன்னார்கள். வாழ்நாளில் முதல் முறையாக அந்தச் சபையில் அவருக்கு ஒரு முக்காலி கிடைத்தது.

நல்லகண்ணு பயபக்தியோடு சிப்பாயை நகர்த்தினார். தலைவர் பலகையைப் பார்த்துப் புன்னகை செய்தார். பிறகு தன் குதிரையை எடுத்து, நேரே கொண்டுபோய், குறுக்கே நின்ற சிப்பாய்கள் அத்தனை பேரையும் தாண்டி, நல்லகண்ணுவின் ராஜாவின் தலைமேல் வைத்து அழுத்தினார். ராஜா உருண்டு கீழே விழுந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது.

“ஐயா, குதிரை நேராப் போகாதுல்ல,” என்றார் நல்லகண்ணு.

கைதட்டல் நின்றது. கர்ணன் மெல்ல எழுந்தார்.

“கனவான்களே, நான் முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் இருந்தவன். மேலதிகாரி ஒருவர் ஒரு புஞ்சையை நஞ்சை என்று எழுதிவிட்டால், நாங்கள் அந்த எழுத்தை அடிக்க மாட்டோம். அந்தப் புஞ்சைக்கு நஞ்சை வரி போட்டு வசூல் செய்வோம். அங்கே தண்ணீர் வருகிறதா என்பது தண்ணீரின் பொறுப்பு. அப்படித்தான் இந்தச் சாம்ராஜ்யம் நிற்கிறது. நிலத்துக்கே அப்படியென்றால், ஒரு மரக்குதிரைக்கு எவ்வளவு திமிர் இருந்தால் தலைவர் வைத்த இடத்துக்குப் போக மாட்டேன் என்று சொல்லும்?”

கை வைத்த நாற்காலி ஒன்று முன்மொழிந்தது. கை வைக்காத நாற்காலி வழிமொழிந்தது. ‘இன்று முதல் குதிரைக்கு நேர்வழி அருளப்பட்டது’ என்று தீர்மானம் நிறைவேறியது. தலைவர் “நல்லது” என்றார்.

அடுத்த சனிக்கிழமை நல்லகண்ணு தீர்மானப்படி குதிரையை நேரே விட்டார். சபை சிரித்தது. ஏனென்றால் அதற்குச் சற்று முன்புதான் தலைவர் குதிரையைப் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்த்தியிருந்தார். பழைய தீர்மானம் ரத்தாகிவிட்டது. சரி என்று அவரும் பக்கவாட்டில் நகர்த்தினார். அப்போது தலைவர் நல்லகண்ணுவின் குதிரையை எடுத்துப் பிரியமாகத் தடவிப் பார்த்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ‘குதிரை ஓய்வு வேண்டும்போது தலைவரின் பையில் தங்கலாம்’ என்று இன்னொரு தீர்மானம். சபையார் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள். எத்தனை நுட்பமான ஆட்டம் என்று சர்வே இலாகாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நல்லகண்ணு அவர்களுடைய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் படித்த முகங்கள். இத்தனை பேருக்கும் விளங்குகிற ஆட்டம் தனக்கு மட்டும் விளங்கவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கிறது? கூட்டம் முடிந்ததும் வாத்தியாரைப் பிடித்தார்.

“வாத்தியாரே, குதிரை எப்பிடிப் போகும்?”

“தலைவர் எப்பிடிச் சொல்றாகளோ அப்பிடி.”

“அப்ப அன்னைக்குப் புளியமரத்தடியில நீங்க சொன்னது? ரெண்டு தாவி, ஒண்ணு திரும்பின்னு?”

“அப்பிடியா சொன்னேன்?” என்றார் ஆரோக்கியசெல்வம். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு நினைவில்லையே.”

அவ்வளவுதான். நல்லகண்ணுவுக்கு இருந்த ஒரே சாட்சியும் போய்விட்டது. அடுத்த வாரமே கர்ணன், ‘தற்காலிக வயோதிகர் நல்லகண்ணுவுக்குப் புத்தி மங்கல்’ என்று சபையில் வாசித்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. நல்லகண்ணுவும் ஆட்சேபிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து துண்டைக்கூட உதறாமல் உட்கார்ந்தார்.

“மருமகனுக்குச் சொல்லிவிடு. வந்து கொடிக்காலை எடுத்துக்கிடட்டும். நாம பழனிசெட்டிபட்டிக்குப் போயிருவோம்.”

“என்ன ஆச்சு உங்களுக்கு?”

“குதிரை எப்பிடிப் போகும்னு எனக்குத் தெரியல, சம்முகம். படிச்சதா நெனச்சிருக்கேன். படிக்கவே இல்ல போலருக்கு. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சு.”

“குதிரை எப்பிடிப் போனா நமக்கென்ன? நம்மகிட்ட குதிரையா இருக்கு? இருக்கிறது கொடிக்கால். அதுல எந்தக் கொடி எங்கன நிக்குதுன்னு தெரியுதா இல்லையா?”

“தெரியுதுன்னுதான் நெனைக்கிறேன். குதிரையையும் அப்பிடித்தான் நெனச்சேன்.”

சண்முகத்தாய் எழுந்தாள். உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். ஆண்டு விழாவுக்கு மறுநாள் வண்டியோடு வருவதாக மருமகன் சொல்லி அனுப்பினான். அவன் குரலில் இருந்த மகிழ்ச்சியை ஆள் மூலமாகக்கூட மறைக்க முடியவில்லை.

ஆண்டு விழாவுக்குப் போக நல்லகண்ணுவுக்கு மனம் இல்லை. ஆனால் கர்ணன் பியூனை அனுப்பி வரவழைத்தார். மேடையின் ஓரத்தில் நிற்க வைத்தார்கள். என்னத்துக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

“மகா கனம் பொருந்திய துரை அவர்களே,” என்று தொடங்கினார் கர்ணன். “எங்கள் சபையின் பயிற்சி எவ்வளவு கடினமானது என்பதற்கு இதோ நிற்கும் இந்த மனிதரே அத்தாட்சி. எவ்வளவு கற்றும் இவருக்கு ஏறவில்லை. சுலபமான படிப்பாக இருந்தால் ஏறியிருக்கும். எங்கள் சபை ஆரம்பித்த நாள் முதல் இதுவரை ஒருவர்கூட இந்தப் படிப்பில் தேறவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.”

கூட்டம் நல்லகண்ணுவைப் பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தனை வருஷம் வெயிலிலும் சேற்றிலும் நின்ற மனிதருக்கு அந்த மேடையில் நிற்க முடியவில்லை.

தலைவர் பேசினார். பெருமக்களே, மூளை ஒரு கத்தி, அதைத் தினமும் தீட்ட வேண்டும் என்று சொல்லி அமர்ந்தார். கைதட்டல் ஓய்ந்ததும் மறுபடி எழுந்து, பெருமக்களே, மூளை ஒரு கத்தி என்று ஆரம்பித்து முழுவதையும் பேசி அமர்ந்தார். மறுபடி கைதட்டல். மூன்றாம் முறையும் எழுந்தார். கர்ணன் துரையின் காதில், “முக்கியமான கருத்தை மூன்று முறை சொல்வது எங்கள் சாஸ்திரம்” என்று விளக்கினார். துரைக்கு வேறு ஊரில் முகாம் இருந்தது. ‘தாலுகாவிலேயே கூர்மதியாளர்’ என்று பொறித்த தங்கப் பதக்கத்தைத் தலைவர் கழுத்தில் மாட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார்.

அதன்பிறகு தலைவரை வீடு வரைக்கும் ஊர்வலமாக அழைத்துப் போவது. முன்னால் மேளம் போகலாம் என்று ஒருவர் சொல்ல, தலைவருக்கு முன்னால் எவரும் நடக்கக்கூடாது என்று கர்ணன் தடுத்துவிட்டார். தலைவர் முதலில், பிறகு கை வைத்த நாற்காலிகள், கை வைக்காத நாற்காலிகள், பெஞ்சு, மேளம், நாதசுரம், கடைசியில் பாய்.

தலைவர் வாசலுக்கு வந்தார். அவர் வீடு வலப்பக்கம் இரண்டாவது தெருவில் இருந்தது. அவர் இடப்பக்கம் திரும்பினார். சபையும் இடப்பக்கம் திரும்பியது.

பஜாரில் கடையைச் சாத்திக்கொண்டிருந்த ஒரு ராவுத்தர், “ஊர்வலம் எங்கிட்டுப் போகுது?” என்று கேட்டார்.

“தலைவருக்குத் தெரியும்,” என்றார்கள்.

கோர்ட்டைத் தாண்டி, பள்ளிவாசலைத் தாண்டி, கடைசி வீட்டையும் தாண்டி வயலுக்குள் இறங்கியது ஊர்வலம். பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வரப்பு வழுக்கியது. சர்வே இலாகாக்காரர் சேற்றில் விழுந்து எழுந்து, வயலின் எல்லையைச் சரிபார்த்ததாகச் சொன்னார். நாதசுரக்காரர் ஒரு கையில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க மல்லாரி வாசித்தார். தலைவர் நிற்கவில்லை. நேரே ஆற்றுக்குள் இறங்கினார். நாற்காலிகள் ஒரு கணம் தயங்கின. பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவையும் இறங்கின.

வரிசையின் கடைசியில் வந்த நல்லகண்ணுவுக்கு ஒன்றும் புரியவில்லை. இதுவும் எனக்கு மட்டும்தான் விளங்கலையா என்று நினைத்தார். பக்கத்தில் வந்த ஆரோக்கியசெல்வத்தின் முகத்தைப் பார்த்தார். வாத்தியாரின் முகம் வெளிறிப் போயிருந்தது.

“வாத்தியாரே, அவுக வீடு ஆத்துக்கு அங்கிட்டா இருக்கு?”

“இல்லங்க. ஊருக்குள்ளதான்.” வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். “அவுகளுக்கு வீடு மறந்து நாலு வருசம் இருக்கும். எப்பவும் அவுக வீட்டம்மா வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாக. இன்னைக்கு விழாவாச்சே, பொம்பளை முன்னால நடக்கக்கூடாதுன்னு செயலாளர் திருப்பி அனுப்பிட்டாரு.”

நல்லகண்ணு அப்படியே நின்றார்.

“அப்ப குதிரை?”

“குதிரை நான் உங்களுக்குச் சொல்லித் தந்த மாதிரிதான் போகும். நீங்க ஆடுனது அத்தனையும் சரி.”

“எனக்கு நினைவில்லைன்னு சொன்னீகளே, ஐயா.”

“நாலு பிள்ளைக இருக்கு எனக்கு,” என்றார் வாத்தியார்.

நல்லகண்ணுவுக்கு அந்த ஆளை ஓங்கி ஓர் அறை விடலாம் போல் வந்தது. எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தார், சண்முகத்தாய் எத்தனை அழுதாள், ஒரு கொடிக்காலே கை மாற இருந்தது. எல்லாம் ஒரு மரக்குதிரையை நேரே விடுவதற்காக. ஆனால் ஆற்றுக்குள் ஒரு கிழவர் முழங்கால் தண்ணீரில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை சரிந்திருந்தது. உதடு நடுங்கியது. அந்த நடுக்கம் நல்லகண்ணு தன் அண்ணனிடம் பார்த்த நடுக்கம்.

“என் வீடு எங்கே இருக்கிறது?” என்று கேட்டார் தலைவர்.

கர்ணன் இடுப்பில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். “குறித்துக்கொள்ளுங்கள். மனிதனுக்கு வீடு எது என்று தலைவர் வினவுகிறார். ஆழமான வேதாந்தம்.”

ஆற்றில் நின்றபடியே சபை கைதட்டியது. கையில் செருப்பு இருந்ததால் சத்தம் பலமாகவே வந்தது.

நல்லகண்ணு மேளத்தை விலக்கினார். பெஞ்சை விலக்கினார். “பாய் பின்னால் நிற்க வேண்டும்” என்று சொன்ன ஒரு நாற்காலியைத் தோளால் இடித்துக்கொண்டு போய்த் தலைவரின் கையைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது.

“வாங்க. வீடு இங்கிட்டு இருக்கு. நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நல்லது, நல்லது,” என்றார் ராவ் சாகிப். இந்தத் தடவை அதை நிஜமாகவே சொன்னார்.

வாத்தியார் வீட்டை அடையாளம் காட்டினார். வாசலில் தலைவரின் மனைவி கஸ்தூரியம்மாள் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கணவரை உட்கார வைத்துக் காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவினாள். வேட்டி சொட்டச் சொட்டச் சபை தெருவில் நின்றது.

“அம்மா, ஊர்வலம் இனிதே நிறைவடைந்தது என்று எழுதிக்கொள்ளலாமா?” என்றார் கர்ணன்.

கஸ்தூரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“இவுகளுக்கு என் பேரே தெரியாமப் போயி எத்தனையோ காலமாச்சு. வைத்தியம் பாக்கணும், வீட்டுல இருக்க விடுங்கன்னு உங்ககிட்ட எத்தனை தடவ வந்து சொன்னேன்?”

“வாய்மொழியாகத்தானே சொன்னீர்கள்,” என்றார் கர்ணன்.

அவள் செம்பில் மிச்சமிருந்த சேற்றுத் தண்ணீரை அவர் காலடியில் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மருமகன் வண்டியோடு வந்தான். சண்முகத்தாய் ஒரு மூட்டைகூடக் கட்டியிருக்கவில்லை. நல்லகண்ணு அவனை உட்கார வைத்து மோர் கொடுத்து, ராஜாத்தியையும் பிள்ளைகளையும் பேர் பேராக விசாரித்து, ஒரு கட்டு வெற்றிலையை வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார். அவன் தெரு முனை திரும்புகிற வரைக்கும் சண்முகத்தாய் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் உள்ளே போய்ப் புளியங்கொட்டைகளை எடுத்துவந்து மண்ணில் கட்டம் கிழித்தாள்.

சபை சும்மா இருக்குமா? தலைவரை முந்திக்கொண்டு நடந்து போன குற்றத்துக்காக நல்லகண்ணுவை நீக்கியது. ராவ் சாகிப்பைக் கஸ்தூரியம்மாள் அதற்குப் பிறகு வாசலுக்கு வெளியே விடவில்லை. ஆகவே சபையின் செயலாளர் என்ற முறையில் கர்ணன் தலைவரானார். குதிரை எப்படிப் போகும் என்பது கர்ணனுக்கு எப்போதுமே தெரியும். ஆனாலும் தீர்மானத்தை மீறக்கூடாது என்று அதைத் தன் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து அவர் சின்னமனூருக்கு வந்தார். நல்லகண்ணு கொடிக்காலுக்கு நடுவில் வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கர்ணன் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தேடி வந்து சேர்ந்தார்.

“சபை உம்மேல் இரக்கம் கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு விழாவில் துரைக்குக் காட்ட ஆள் வேண்டும். மறுபடி சேர்த்துக்கொள்கிறோம். ஆற்றிலிருந்து திரும்பும்போது தலைவருக்குப் பின்னால்தான் நடந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.”

“கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது நானு. பின்னால எப்பிடி நடந்திருப்பேன்?”

“அது நடையின் பொறுப்பு,” என்றார் கர்ணன். “ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். உமக்குப் புத்தி மங்கல் என்று போட்ட தீர்மானத்தை மட்டும் மாற்ற முடியாது.”

நல்லகண்ணு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“மாத்த வேணாங்க. அது அப்பிடியே கிடக்கட்டும். நாளைக்கு நீங்க ஆத்துக்குள்ள நின்னு வீடு எங்கன இருக்குன்னு கேப்பீக. உங்க சபையில அத்தனை பேரும் புத்திசாலியாக் கைதட்டுவாக. கூட்டிட்டு வர ஒரு புத்தி மங்கினவன் வேணும்ல.”

கர்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. விறுவிறுவென்று திரும்பி நடந்தார். கொஞ்ச தூரம் போய் நின்றார். கொடிக்காலுக்குள் எல்லா வரிசையும் ஒன்று போலத்தான் இருக்கும். அதே அகத்தி, அதே கொடி, அதே நிழல். இடப்பக்கம் நாலு அடி வைத்தார். வாய்க்கால் குறுக்கே வந்தது. வலப்பக்கம் திரும்பினார். வந்த வழி அதுவும் இல்லை. வாயைத் திறந்து கேட்கவும் முடியவில்லை.

நல்லகண்ணு கால் சேற்றைக் கழுவிவிட்டு வந்து, அவருக்கு முன்னால் நடந்தார்.